31.4375 டிகிரி என்று காட்டும் சென்சாரை எவ்வளவு நம்பலாம்?

வீட்டில் நாலைந்து சென்சார்களை மாட்டி, அவை சொல்லும் வெப்பநிலையைப் பழைய டேப்லெட் ஒன்றில் வரிசையாகக் காட்டுவது இப்போது பலருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. ஹோம் அசிஸ்டன்ட் போன்ற இலவச மென்பொருள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை, அதனுடன் ஒரு சென்சார்: இவ்வளவு இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் டாஷ்போர்டு ஓடத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகுதான் சிக்கல். ஹாலில் 31.4375, படுக்கையறையில் 30, மொட்டை மாடியில் 31.399999618530273 என்று திரை காட்டும். எதை நம்புவது, எதை வெட்டுவது என்று தெரியாமல் முழிப்போம்.

இதைப் பற்றிப் பேசும்போது இரண்டு கட்சிகள் உண்டு. "என் சென்சார் நான்கு தசம இடம் வரை காட்டுகிறது, அவ்வளவு துல்லியம்" என்பது ஒன்று. "ரவுண்ட் செய்தால் தகவல் போய்விடும், வருவதை அப்படியே காட்ட வேண்டும்" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. ஏன் தவறு என்று பார்த்துவிட்டால் ஒரு வெப்பநிலையை எப்படிக் காட்டுவது என்பதற்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

ஐந்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம்

பள்ளி வேனைத் தவறவிடக் கூடாது என்று ஹால் கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். அந்தக் கடிகாரத்தில் வினாடி முள்ளும் இருக்கும். வினாடி வினாடியாக நேரத்தைச் சொல்லும். ஆனால் சொல்லும் நேரம் ஐந்து நிமிடம் பிசகு.

எவ்வளவு சிறிய வேறுபாட்டை ஒரு கருவியால் பிரித்துக் காட்ட முடியும் என்பதுதான் அதன் பிரிதிறன். கடிகாரத்தின் பிரிதிறன் ஒரு வினாடி. அது காட்டும் மதிப்பு உண்மைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது துல்லியம். நம் கடிகாரத்தில் அது ஐந்து நிமிடப் பிழை. ஒன்று நன்றாக இருந்தால் மற்றதும் நன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வினாடி முள்ளைப் பார்த்துவிட்டு "எவ்வளவு துல்லியமான கடிகாரம்" என்று யாராவது சொன்னால் சிரிப்போம். நான்கு தசம இடத்தைப் பார்த்துவிட்டு அதையே சொன்னால் மட்டும் தலையாட்டுகிறோம்.

அதே கடிகாரத்தை வைத்துக் குக்கர் எத்தனை நிமிடம் அடுப்பில் இருந்தது என்று பார்த்தால் விடை சரியாகவே வரும். தொடங்கிய நேரத்திலும் முடிந்த நேரத்திலும் அதே ஐந்து நிமிடம் இருப்பதால் கழித்தலில் அது காணாமல் போய்விடுகிறது. இது பிறகு உதவும்.

இன்னொன்றும் அந்தக் கடிகாரத்திடம் கற்றுக்கொள்ளலாம். "மணி என்ன?" என்று யாராவது கேட்டால் "பத்தேகால்" என்கிறோம். முள் 10:14:37-இல் நிற்கிறது என்பதற்காக அந்த வினாடிக் கணக்கை ஒப்பிப்பதில்லை. கேட்பவருக்கு எது உதவுமோ அந்த அளவில் சொல்கிறோம். கடிகாரம் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. வடிவமைத்துக் காட்டுவது என்பது இவ்வளவுதான்: உள்ளே இருக்கும் மதிப்பைத் தொடாமல், பார்ப்பவருக்குத் தேவையான அளவில் சொல்வது.

சென்சார் அனுப்புவது என்ன?

வீட்டுச் சோதனைகளில் அதிகம் புழங்கும் சென்சார்களில் ஒன்று டிஎஸ்18பி20. டல்லாஸ் செமிகண்டக்டர் நிறுவனம் கொண்டுவந்தது. மூன்று கால்களுடன் சிறிய கறுப்புத் துண்டாகவும் கிடைக்கும். ஸ்டீல் குழாய்க்குள் அடைத்து, நீர் புகாதபடி வயருடனும் கிடைக்கும்.

இது "31.4375" என்ற எழுத்துகளை அனுப்புவதில்லை. அது அனுப்புவது ஒரு முழு எண். நம் ஹாலில் அந்த எண் 503. அதை 16-ஆல் வகுத்தால் டிகிரி செல்சியஸ் கிடைக்கும்: 503 ÷ 16 = 31.4375. எண் ஒன்று கூடி 504 ஆனால் 31.5. இடையில் வேறு எதுவும் கிடையாது. சென்சாருக்கு ஒரு படி என்பது டிகிரியில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 0.0625. அதுதான் அதன் பிரிதிறன்.

அந்த நான்கு தசம இடங்களும் எங்கிருந்து வந்தன என்பது இப்போது தெரிகிறது. பதினாறால் வகுத்ததால் வந்தவை அவை. தசமப் புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் என்றால் பத்தாயிரம் வகையாக எழுதலாம். இந்தச் சென்சார் காட்டுவது .0000, .0625, .1250, .1875 என்று பதினாறே வகை. ஒரு நாள் முழுக்கப் பதிவான எண்களை எடுத்து வரிசையாகப் பார்த்தால் அவையே திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். 31.4380 என்று ஒருநாளும் வராது. கடைசி இலக்கங்கள் நான்கும் அளந்து கிடைத்தவையாக இருந்தால் இப்படி இருக்க வாய்ப்பில்லை.

துல்லியத்துக்கு வருவோம். தயாரிப்பாளர் வெளியிடும் விவரக்குறிப்பு, அதாவது டேட்டாஷீட், −10 முதல் 85 டிகிரி வரை ±0.5 டிகிரி என்கிறது. ஆக, 31.4375 என்பதன் பொருள் "ஏறத்தாழ 30.9-க்கும் 31.9-க்கும் இடையில் எங்கோ" என்பதுதான். பதினாயிரத்தில் ஒரு பங்கு பற்றிப் பேச இங்கே இடமே இல்லை. சந்தையில் இந்தச் சென்சாரின் போலிகள் நிறைய உலவுகின்றன. அவற்றுக்கு அந்த ±0.5 உத்தரவாதமும் கிடையாது.

மற்றவையும் இதே கதைதான். நீல நிறப் பெட்டியில் வரும் டிஎச்டி11 ±2 டிகிரி. அதன் அண்ணன் டிஎச்டி22, ±0.5, அது 0.1 டிகிரிப் படிகளில் பேசும். பிஎம்ஈ280 நூறில் ஒரு பங்கு டிகிரி வரை எண் தரும். அறை வெப்பத்தில் அதன் துல்லியம் ±0.5 அளவில்தான். மூன்றையும் ஒரே மேசையில் வைத்தால் மூன்று எண்கள் வரும். அதற்காக எந்தச் சென்சாரையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒன்று 30.8, பக்கத்திலிருக்கும் இன்னொன்று 31.5 என்றால் இரண்டும் தத்தம் வரம்புக்குள்தான் இருக்கின்றன.

சுருக்கமாக: தசம இடங்களின் எண்ணிக்கை கணக்கிலிருந்து வருகிறது, துல்லியம் டேட்டாஷீட்டிலிருந்து தெரிகிறது. ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்க முடியாது.

அப்படியானால் எத்தனை தசம இடம்?

±0.5 என்றால் தசமமே வேண்டாம், முழு டிகிரியாகக் காட்டிவிடலாம் என்று தோன்றும். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். கடிகாரத்தில் பார்த்ததுபோல, மாறாத பிழை கழித்தலில் மறைந்துவிடும். உங்கள் சென்சார் 0.4 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏசி போட்டபின் 31.4 என்பது 30.8 ஆனால், அந்த 0.6 டிகிரி இறக்கம் ஓரளவு நம்பக்கூடியதே. முழு எண்ணாக மட்டும் காட்டினால் இரண்டு நேரத்திலும் 31 என்றே நிற்கும். ஏசி வேலை செய்கிறதா என்றே தெரியாது. அறை வெப்பத்துக்கு ஒரு தசம இடம் நியாயமானது. அது போக்கைக் காட்டுவதற்காக. இரண்டாவது இடம் வெறும் அலங்காரம்.

விதிவிலக்குகள் உண்டு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு முழு எண் போதும். கை சுடுமா சுடாதா என்பதே கேள்வி. டிஎச்டி11 எதைச் சொன்னாலும் முழு எண்தான். மீன் தொட்டிக்கும் குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கும் ஒரு தசம இடம் வேண்டும். அதோடு அந்தச் சென்சாரைச் சரிபார்க்கவும் வேண்டும். நீர் புகாத டிஎஸ்18பி20 என்றால் சரிபார்ப்பது எளிது. பனிக்கட்டியைப் பொடித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, அதற்குள் சென்சாரைச் சில நிமிடம் வைத்தால் பூஜ்யத்துக்கு மிக அருகில் காட்ட வேண்டும். 0.4 என்று நின்றால், இனி வரும் எண்களில் 0.4-ஐக் கழிக்கும்படி மென்பொருளிடம் சொல்லிவிடலாம். இந்தத் திருத்தம் வடிவமைப்புக்கு முந்திய வேலை. எத்தனை தசமம் என்று முடிவு செய்வதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பூஜ்யத்தில் தெரிந்த பிழை 37 டிகிரியிலும் அதே அளவில் இருக்கும் என்று மட்டும் அடித்துச் சொல்ல முடியாது.

இல்லாத துல்லியத்தை இலக்கங்கள் எப்படி உருவாக்கிவிடும் என்பதற்கு மருத்துவத்தில் பழைய உதாரணம் ஒன்று உண்டு. ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிச் 1868-இல் வெளியிட்ட நூலில் உடலின் இயல்பான வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ் என்றார். மனிதருக்கு மனிதர், காலைக்கும் மாலைக்கும் மாறும் ஒன்றுக்கு அது ஒரு நடுத்தர மதிப்பு. அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 98.6. மாற்றியதுமே அது பத்தில் ஒரு பங்கு டிகிரி வரை அளந்து நிறுவிய எல்லைபோல் ஆகிவிட்டது. 99 என்றதும் காய்ச்சல் என்று பதறும் வீடுகள் இன்றும் உண்டு.

மாடியில் வந்த அந்த 31.399999618530273

இது வேறு வகை நோய். சென்சார் சொன்னது 31.4. திரையில் தெரிவது பதினைந்து தசம இடங்கள். சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றுபவர்களும் இருக்கிறார்கள்.

கணினி எண்களை இரண்டின் அடுக்குகளில் எழுதி வைக்கிறது: அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக. இவற்றைக் கூட்டி 0.5, 0.75, 0.0625 எல்லாம் கச்சிதமாக எழுதலாம். 0.1-ஐ எழுத முடியாது. எத்தனை பாதிகளைக் கூட்டினாலும் மிக அருகில் போகலாமே தவிர, சரியாகத் தொட முடியாது. நம் தசம முறையில் மூன்றில் ஒன்றை 0.333 என்று எங்காவது நிறுத்த வேண்டியிருப்பதுபோல. தசமப் பின்னம் உள்ள எண்களைக் கணினி இப்படி நெருக்கமான மதிப்பாக வைத்திருக்கும் முறைக்கு மிதவைப் புள்ளி என்று பெயர். இதற்கான பொதுத் தரமாகிய ஐஈஈஈ 754 வெளியானது 1985-இல். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் பல கணினி மொழிகள் 0.30000000000000004 என்று சொல்வது இதனால்தான்.

மாடியில் நடந்தது இது. சிறிய பலகை எண்ணை 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்கங்களில், வைத்திருந்தது. அந்த இடத்துக்குள் 31.4-க்கு மிக அருகில் எழுத முடிந்தது 31.3999996… என்ற மதிப்பு. ஏழெட்டு இலக்கம் வரை அது சரி. பலகையிலேயே அச்சிட்டிருந்தால் 31.4 என்றுதான் வந்திருக்கும். அது டாஷ்போர்டை இயக்கும் சர்வருக்குப் போனது. சர்வர் 64 பிட்டில், பதினைந்து பதினாறு இலக்கம் வரை கணக்கு வைக்கும். முன்பு கண்ணில் படாத அந்த எச்சத்தையும் சேர்த்து அது உண்மையென்று எடுத்துக்கொண்டது. திரையும் அப்படியே ஒப்பித்தது.

டிஎஸ்18பி20-க்கு இந்த நோய் வராது என்பது ஒரு வேடிக்கை. அதன் படிகள் பதினாறில் ஒரு பங்கு என்பதால் 31.4375-ஐக் கணினியால் அப்பழுக்கில்லாமல் எழுத முடியும். பார்க்க அலங்கோலமாக இருக்கும் எண் உள்ளே கச்சிதமாக இருக்கிறது. பார்க்க அழகான 31.4 உள்ளே பிசிறு தட்டுகிறது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே: திரைக்கு வரும் கடைசிக் கட்டத்தில், வேண்டிய தசம இடத்துக்கு ரவுண்ட் செய்து எழுத்தாக மாற்றுவது.

எண்ணும் எழுத்தும்

திரையில் தெரியும் "31.4" ஒரு எழுத்துத் தொடர். கணக்குப் போட உதவும் 31.4 ஒரு எண். பார்க்க ஒன்றாக இருந்தாலும் கணினிக்கு இவை இரண்டு வேறு சரக்குகள். ஹோம் அசிஸ்டன்ட் எல்லாச் சென்சார்களின் நிலையையும் எழுத்துத் தொடராகவே வைத்திருக்கிறது. அங்கே டெம்ப்ளேட், அதாவது மதிப்பை எடுத்து நம் விருப்பப்படி மாற்றித் தரும் சிறிய வாய்பாடு, எழுதும்போது முதலில் எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். மறந்துவிட்டால் ஒப்பீடுகள் கோமாளித்தனமாக முடியும். எழுத்தாக ஒப்பிட்டால் "9.5" என்பது "31.4"-ஐவிடப் பெரியது; அகராதி வரிசையில் 9 என்பது 3-க்குப் பிறகு வருகிறதல்லவா? எந்தச் சென்சார் 30-ஐத் தாண்டினாலும் மின்விசிறியைப் போடு என்று விதி எழுதியிருந்தால், ஃபிரிட்ஜ் 9.5 டிகிரி என்றதும் ஹாலில் இருப்பவர்களுக்கு மின்விசிறி சுழலத் தொடங்கும்.

ஆகவே பாதை இதுதான்: எழுத்தாக வந்ததை எண்ணாக்கு, கணக்கை முடி, கடைசியில் மீண்டும் எழுத்தாக்கு. ரவுண்ட் செய்வது அந்தக் கடைசிப் படியில் மட்டும்.

இடையில் ரவுண்ட் செய்தால் என்ன கெட்டுவிடும்? 31.46-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நேராக முழு எண்ணாக்கினால் 31. முதலில் ஒரு தசமமாக்கி 31.5 என்று சேமித்துவிட்டு, பிறகு இன்னொரு இடத்தில் முழு எண்ணாக்கினால் 32. யாரும் தவறு செய்யவில்லை. ஆனாலும் ஒரு டிகிரி தவறு. ஹோம் அசிஸ்டன்டில் சென்சாரின் அமைப்புக்குள்ளேயே எத்தனை தசமம் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். அது காட்சியை மட்டும் மாற்றும், உள்ளிருக்கும் மதிப்பைத் தொடாது. டெம்ப்ளேட்டில் ரவுண்ட் செய்து புதிய சென்சார் ஒன்றை உருவாக்கினால் சேமிக்கப்படுவதே ரவுண்ட் செய்த எண்தான், வரைபடம் படிக்கட்டாகிவிடும். முதல் வழி இருக்கும்போது இரண்டாவதை நாட எனக்குக் காரணம் தெரியவில்லை.

சரியாகப் பாதியில் நிற்கும் எண்கள் ஒரு சின்னத் தொல்லை. பள்ளியில் அரையை மேலே தள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள்: 30.5 என்றால் 31. பைதான் மொழி அரையை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளும்: 30.5 என்றால் 30, 31.5 என்றால் 32. எப்போதும் மேலேயே தள்ளினால் சராசரி மெல்ல உயர்ந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஒரே வீட்டில் ஒரு திரை 30 என்றும் இன்னொரு திரை 31 என்றும் சொன்னால் காரணம் இதுவாக இருக்கலாம். கவலைப்படத் தேவையில்லை.

ஃபிரிட்ஜின் அடித்தட்டில் −0.04 டிகிரி என்று வந்தால் சில மென்பொருள்கள் "−0.0" என்று காட்டும். எண் பூஜ்யமாகிவிட்டது, குறி மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ரவுண்ட் செய்தபின் பூஜ்யத்தைக் கூட்டிவிட்டால் குறி உதிர்ந்துவிடும். கேட்க விசித்திரமாக இருந்தாலும் வேலை செய்கிறது. 31 என்றும் 31.4 என்றும் மாறி மாறி வந்து திரை குதிக்கிறதா? தசமம் பூஜ்யமானாலும் 31.0 என்றே எழுதும்படி சொல்லுங்கள்.

செல்சியஸ், ஃபாரன்ஹீட்: தமிழ்நாட்டின் இரட்டைக் கணக்கு

நம் ஊரில் காய்ச்சலுக்கு 101, 102 என்கிறோம். ஏசிக்கு 24 என்கிறோம். கோடை வந்தால் "சென்னையில் வெயில் சதமடித்தது" என்று செய்தித்தாள் எழுதும். அந்தச் சதம் 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 37.8 டிகிரி செல்சியஸ். வானிலை ஆய்வு மையம் செல்சியஸில்தான் அளந்து அறிவிக்கிறது. எனவே டாஷ்போர்டில் எந்த எண்ணும் அலகு இல்லாமல் நிற்கக் கூடாது. அறைக்கு ஒன்று, காய்ச்சல் பார்க்க இன்னொன்று என்று ஒரே திரையில் இரண்டு அலகுகள் வந்தாலும் பரவாயில்லை. வீட்டாருக்குப் பழகியதைக் காட்டுவதே முறை.

மாற்றும் வாய்பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: செல்சியஸை 1.8-ஆல் பெருக்கி 32 கூட்ட வேண்டும். வரிசைதான் முக்கியம். 37.6 டிகிரி செல்சியஸை மாற்றினால் 99.7 ஃபாரன்ஹீட்; சதத்துக்குக் கொஞ்சம் கீழே. முதலில் 38 என்று ரவுண்ட் செய்துவிட்டு மாற்றினால் 100.4. அடிக்காத சதத்தை அடித்ததாகத் திரை சொல்லும்.

இதைவிட அதிகம் நடக்கும் தவறு, வித்தியாசத்தை வெப்பநிலையாக நினைத்து மாற்றுவது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரியையாவது தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாக இருந்தால் அது வெப்ப அலை. அந்த 4.5 டிகிரி வித்தியாசத்தை ஃபாரன்ஹீட்டில் சொல்ல 1.8-ஆல் பெருக்கினால் போதும்: 8.1. அங்கே 32-ஐயும் கூட்டினால் "இயல்பைவிட 40 டிகிரி அதிகம்" என்று வந்துவிடும். ஊரே வெந்துபோயிருக்க வேண்டும். வெளியே இருப்பதற்கும் ஹாலில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை டாஷ்போர்டில் காட்டுபவர்கள் இதில் விழுவார்கள். இரட்டை மாற்றமும் அப்படியே: மென்பொருள் ஒருமுறை, டெம்ப்ளேட் ஒருமுறை என்று மாற்றினால் 31 டிகிரி அறை 190 டிகிரி ஆகிவிடும். இது ஒருவிதத்தில் நல்ல தவறு, உடனே கண்ணில் பட்டுவிடும்.

டிகிரிக்கான சிறு வட்டத்துக்கு முன்னால் தொப்பி போட்ட ஓர் ஆங்கில எழுத்து தானாக முளைத்தால், அனுப்பும் பக்கமும் பெறும் பக்கமும் வெவ்வேறு எழுத்துக் குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளைக் கணினிக்குள் எண்களாக வைக்கும் முறையை, பயன்படுத்துகின்றன என்று பொருள். இரண்டு பக்கமும் யூடிஎஃப்-8 என்று வைத்தால் போய்விடும்.

அளவீடே இல்லாதபோது

ஒரு டாஷ்போர்டு நல்லதா என்று பார்க்க, நான் சென்சார் வயரைப் பிடுங்கிவிட்டுத் திரையைப் பார்ப்பேன். பெரும்பாலானவை இங்கேதான் தோற்கும்.

டெம்ப்ளேட் எழுதும்போது "எண்ணாக மாற்ற முடியாவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்" என்று ஒரு மாற்று மதிப்பு தருவது வழக்கம். பிழைச் செய்தி வராமல் இருக்க எல்லோரும் செய்வது. ஃபிரிட்ஜ் சென்சாரின் இணைப்பு அறுந்தால் திரை "0.0" என்று காட்டும். நல்ல குளிர்ச்சி என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போவோம். உள்ளே பால் திரிந்துகொண்டிருக்கும். வெப்பநிலையில் பூஜ்யம் ஓர் உண்மையான அளவு. "தெரியவில்லை" என்பதைச் சொல்ல அதைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு கோடு போடலாம். "தொடர்பு இல்லை" என்று எழுதலாம்.

சில சென்சார்களுக்குத் தனிப் பேய் எண்கள் உண்டு. டிஎஸ்18பி20-க்கு மின்சாரம் வந்ததும், அளக்கத் தொடங்குவதற்கு முன் அதன் நினைவகத்தில் இருப்பது 85 டிகிரி. அளந்து முடிக்க முக்கால் வினாடி வரை ஆகும். அதற்குள் கேட்டால் 85 என்று சொல்லிவிடும். இணைப்பே இல்லையென்றால் ஆர்டுயினோ என்ற சிறு பலகைகளில் பரவலாகப் பயன்படும் நூலகம், அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, −127 என்று தரும். −127-ஐக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடலாம். இந்தச் சென்சாரின் எல்லையே −55 தான். 85 அப்படியல்ல. ஹாலில் 85 என்றால் பேய். மாடியில் சூரிய வெந்நீர்க் கருவியின் தொட்டியில் 85 உண்மையாகவே வரலாம். 61, 61, 85, 61 என்று ஒரே துள்ளலாக வந்தால் தள்ளுங்கள். 79, 82, 84 என்று ஏறி வந்த 85 என்றால் கையை வைக்காதீர்கள்.

இன்னொரு வகை கொஞ்சம் நயவஞ்சகமானது: நின்றுபோன எண். பேட்டரி தீர்ந்த சென்சாரின் கடைசி அளவீடு 29.8 என்றால் சில அமைப்புகளில் அந்த 29.8 நாள் கணக்கில் திரையில் உட்கார்ந்திருக்கும். எண்ணின் கீழே சிறிய எழுத்தில் "3 நிமிடம் முன்" என்று நேரத்தைக் காட்டினால் ஏமாற மாட்டோம். தசம இடத்தைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் இந்த ஒரு வரியைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது தசமத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடலாம்.

சுருக்கமாக: அளவீடு இல்லையென்றால் எண்ணும் இருக்கக் கூடாது, எண் இருந்தால் அது எப்போது அளந்தது என்றும் தெரிய வேண்டும்.

துடிக்கும் இலக்கம், மாறும் நிறம்

வெப்பநிலை 30-ஐ ஒட்டி நிற்கும்போது திரை 29.9, 30.0, 29.9 என்று துடிக்கும். 30-க்கு மேல் சிவப்பு என்று வைத்திருந்தால் நிறமும் கூடவே கண் சிமிட்டும். இதற்கு இரண்டு சிகிச்சைகள் உண்டு. கடைசிச் சில அளவீடுகளின் சராசரியைக் காட்டுவது ஒன்று. எண் அமைதியாகும், ஆனால் உண்மையான மாற்றம் சற்றுத் தாமதமாகத் தெரியும். ஏற ஓர் எல்லை, இறங்க வேறோர் எல்லை என்று வைப்பது மற்றொன்று: 30-ஐத் தாண்டினால் சிவப்பு, 29.5-க்குக் கீழே இறங்கினால்தான் பழைய நிறம். இந்த இடைவெளி முறைக்கு ஹிஸ்டெரிசிஸ் என்று பெயர். ஏசியும் ஃபிரிட்ஜும் நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்து எரியாமல் இருப்பது இதே ஏற்பாட்டால்தான். நிறத்துக்கு நான் இதையே வைப்பேன்.

மின்விசிறியை 30 டிகிரியில் தானாகப் போடும் விதி எழுதினால், அது உள்ளே சேமித்த, ரவுண்ட் செய்யாத எண்ணைப் பார்க்க வேண்டும், திரைக்காக ரவுண்ட் செய்த எழுத்தை அல்ல. அப்படிச் சரியாக எழுதியபிறகும் ஒரு புகார் வரும்: "30 என்று காட்டுகிறதே, மின்விசிறி ஏன் சுற்றவில்லை?" உள்ளே இருப்பது 29.6, முழு எண்ணாகக் காட்டியதால் 30 ஆகிவிட்டது. விதி சரி, திரையும் சரி, கேட்பவர் கேள்வியும் சரி. திரையில் எந்த அட்டையின், அதாவது கட்டத்தின், எண் ஒரு விதியோடு கட்டப்பட்டிருக்கிறதோ, அந்த அட்டையில் ஒரு தசம இடத்தை விட்டுவையுங்கள். எந்த எண்ணில் சுற்றத் தொடங்கும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.